டெலிமென்டாரின் பூர்வீகம்

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தில், கிழக்குப் பகுதியிலிருந்த யேனா நகரத்து ஸைஸ் ஆலை ஒரு சிறு தொலைநோக்கியைச் செய்துவந்தது. முன்பக்க வில்லையின் விட்டம் 63 மில்லிமீட்டர். குவியத் தொலைவு 840 மில்லிமீட்டர். மூன்று மரக்கால்கள். கையால் தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் நிற்கும் ஒரு தாங்கி. பள்ளிக்கூடங்களை மனத்தில் வைத்துச் செய்த கருவி அது. பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து வாங்கும் வானம் பார்ப்பவர்களிடம் இன்றும் அதற்குத் தனி மரியாதை உண்டு. அதன் பெயர் டெலிமென்டார்.

ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நண்பர் ஒருவரிடம் அந்தக் கருவி இருக்கிறது. அவர் வீட்டு மொட்டை மாடியில் அதை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வில்லையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பெயர். கண்ணாடிக் கருவிகளுக்கு வைத்த பெயர்களில் இத்தனை நீண்ட வம்சாவளி கொண்ட வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பெயரின் முற்பாதி ‘டெலி’. கிரேக்க மொழியில் ‘தொலைவில்’ என்று பொருள். டெலிபோன், டெலிவிஷன், டெலிகிராம் என்று நம் நாவில் புழங்கும் எல்லா டெலிகளுக்கும் மூத்தது டெலஸ்கோப். புதுக் கருவிக்குப் பெயர் வைக்க அந்தக் கிரேக்கச் சொல்லை எடுத்தாளும் வழக்கமே அங்கிருந்துதான் தொடங்கியது. தொடங்கிய நாள்கூடத் தெரியும்: 1611 ஏப்ரல் 14.

அதற்கு முன்பு கருவி இருந்தது, நிலையான பெயர் இல்லை. 1608இல் ஹாலந்தின் மிடல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடிக்காரர் ஹான்ஸ் லிப்பர்ஹே, தாம் செய்த கருவிக்குக் காப்புரிமை கேட்டு ஆட்சி மன்றத்துக்கு விண்ணப்பித்தார். அங்கே அதைத் தூரத்தைப் பார்க்க உதவும் ஒரு கருவி என்றுதான் விவரிக்க முடிந்தது. மறு ஆண்டே கலிலியோ தமக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். இத்தாலிய மொழியில் அவர் அதை ‘ஒக்கியாலே’ என்றார். ‘ஒக்கியோ’ என்றால் கண். அதிலிருந்து வந்த ஒக்கியாலே என்றால் நாம் சொல்லும் கண்ணாடிதான். 1610இல் வெளிவந்த ‘விண்மீன் தூதன்’ என்ற தம் இலத்தீன் நூலில் ‘பெர்ஸ்பிகில்லும்’ என்று எழுதினார். ஊடுருவிப் பார்க்க உதவுவது என்பது அதன் பொருள். டச்சுக்காரர்கள் நாளடைவில் ‘வெர்ரகெய்க்கர்’ என்றார்கள்: தூரத்தைப் பார்ப்பது. ஜெர்மானியர்கள் ‘ஃபெர்ன்ரோர்’ என்றார்கள்: தூரக்குழாய். ஒவ்வொரு மொழியும் கருவியின் ஒவ்வொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தாலியருக்குக் கண்ணாடி தெரிந்தது, டச்சுக்காரருக்குப் பார்வை தெரிந்தது, ஜெர்மானியருக்குக் குழாய் தெரிந்தது.

1611 வசந்தத்தில் கலிலியோ ரோம் நகரத்துக்குப் போனார். ஃபெதெரிகோ சேசி என்ற இளம் பிரபு அவருக்கு ஜனிக்குலும் குன்றின் மேலிருந்த ஒரு திராட்சைத் தோட்டத்தில் விருந்து வைத்தார். சேசி அமைத்திருந்த ‘லின்சேயி’ என்ற அறிஞர் கழகம் உலகின் பழமையான அறிவியல் கழகங்களில் ஒன்று. விருந்துக்கு வந்தவர்கள் பகல் வெளிச்சம் இருக்கும்போதே கருவியை நகரத்தின் பக்கம் திருப்பி, தூரத்தில் இருந்த லாத்தரன் தேவாலயத்துக் கல்வெட்டின் எழுத்துகளைப் படித்தார்கள். இருட்டியபின் வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்தார்கள். அந்த இரவில்தான் கருவிக்கு ‘டெலஸ்கோப்’ என்ற பெயர் எல்லார் முன்னிலையிலும் சூட்டப்பட்டது. பெயரை உண்டாக்கியவர் ஜியோவன்னி டெமிசியானி. அயோனியத் தீவுகளைச் சேர்ந்த கிரேக்கர். கணிதமும் இறையியலும் கற்றவர். பெயர் சேசியுடையது என்றே நெடுங்காலம் பலர் எழுதிவந்தார்கள். எட்வர்ட் ரோசன் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் இந்த ஒரு பெயரின் பிறப்பை ஆராய்வதற்கென்றே தனி நூல் எழுதி, 1947இல் டெமிசியானிக்கு உரியதை அவருக்கே சேர்த்தார். ஒரு சொல்லுக்காக ஒரு நூல் எழுதியவரை நான் மனமார வணங்குகிறேன்.

டெமிசியானி எடுத்த இரண்டாம் பாதி ‘ஸ்கோபெய்ன்’, அதாவது கூர்ந்து பார்த்தல். அதோடு பிறந்த பெயர்ச்சொல் ‘ஸ்கோபொஸ்’. காவலுக்கு நின்று பார்ப்பவனும் ஸ்கோபொஸ். அம்பெய்பவன் கண் வைக்கும் இலக்கும் ஸ்கோபொஸ். பார்வையும் குறியும் ஒரே சொல்லில் அடங்கும். தமிழ் வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. நோக்கு என்றால் பார். நோக்கம் என்றால் குறிக்கோள். தொல்காப்பியம் செய்யுளின் முப்பத்து நான்கு உறுப்புகளில் நோக்கையும் ஒன்றாக எண்ணுகிறது. கவனத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த உறுப்பின் வேலை. ஆக டெலஸ்கோப்பைத் ‘தொலைநோக்கி’ என்று தமிழாக்கியவர்கள் வெறும் ‘பார்வை’யை விட்டு ‘நோக்கு’ என்ற சொல்லை எடுத்தது மிகப் பொருத்தமான தேர்வு. கிரேக்கச் சொல்லின் இரண்டு பொருளும் சிந்தாமல் தமிழுக்கு வந்து சேர்ந்தன.

இந்த ஸ்கோபொஸ் வேறு வழியாகவும் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறது. ‘எபிஸ்கோபொஸ்’ என்றால் மேலிருந்து பார்த்துக்கொள்பவர். ஆங்கிலத்தில் அது தேய்ந்து பிஷப் ஆனது. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல் வருமிடத்தில் ‘கண்காணி’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். அதே கண்காணிதான் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலும் மலேயாவின் ரப்பர்த் தோட்டத்திலும் கங்காணி ஆனார். பிஷப்பையும் கங்காணியையும் டெலஸ்கோப்பையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பது விளையாட்டாகத் தோன்றலாம். சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் மூவருக்கும் வேலை ஒன்றுதான்: கண் வைத்திருப்பது.

‘டெலி’யை ‘தொலை’ என்று ஆக்கியதும் இவ்வளவு பொருந்தியதுதான். தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல் என்று வரிசையாகச் சொற்களைப் பெற்றெடுத்த முன்னொட்டு அது. டெலிகிராப் மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை. அதைத் தமிழர் கம்பியை வைத்துத் ‘தந்தி’ என்றார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சேவை நின்றுபோன பிறகும் ஒரு நாளிதழின் பெயரில் அது தினமும் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. ‘தொலை’க்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொலைவில் இருப்பதும் தொலை, காணாமல் போவதும் தொலை. கிரேக்க ‘டெலி’யில் இந்த இரண்டாம் பொருள் கிடையாது. அது தமிழின் சொந்தச் சரக்கு.

இனிப் பெயரின் பிற்பாதி.

மென்டார் ஒரு மனிதரின் பெயர். ஹோமரின் ‘ஒடிசி’யில் வருகிறவர். இதாக்கா தீவின் அரசன் ஒடிசியஸ் திராய் போருக்குப் புறப்படும்போது தன் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்துப் போன முதிய நண்பர். போர் பத்து ஆண்டு, திரும்பி வரும் வழி பத்து ஆண்டு. கைக்குழந்தையாக விட்டுப் போன மகன் அதற்குள் இளைஞனாகிவிடுகிறான். அரசியை மணக்க வந்த கூட்டம் அரண்மனையிலேயே உட்கார்ந்து தின்று தீர்க்கிறது. இத்தனைக்கும் நடுவில் மென்டார் செய்தது என்ன என்று தேடினால் அதிகம் அகப்படாது. ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை எழுந்து, அரசனின் நன்மைகளை மறந்து வாய்மூடி உட்கார்ந்திருக்கும் மக்களைக் கடிந்து பேசுகிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

பிள்ளைக்குத் துணையாக நின்று வழி சொன்னது ஆதீனா தெய்வம். மென்டாரின் உருவத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டு வந்து கப்பலை ஏற்பாடு செய்து, கூடவே பைலோஸ் வரை போய், தயங்கி நின்றவனைப் பெரியவர்கள் முன்னால் பேச வைக்கிறது. காவியத்தின் கடைசியில் இரு தரப்புக்கும் சமாதானம் செய்துவைப்பதும் மென்டார் உருவிலிருக்கும் ஆதீனாவே. மென்டார் என்ற பெயர் சம்பாதித்த புகழெல்லாம் அந்த உருவத்துக்குள் நின்று பேசிய அறிவுத் தெய்வத்துக்கு உரியது.

அந்த மனிதப் பெயர் பொதுச்சொல் ஆனது ஹோமரால் நடந்ததன்று. அதற்கு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வர வேண்டியிருந்தது. கம்ப்ரே நகரத்துப் பேராயர் ஃபெனலான், பதினான்காம் லூயியின் பேரனுக்கு ஆசிரியராக இருந்தவர். மாணவனுக்காக அவர் எழுதிய கதை 1699இல் அச்சாகியது. ஒடிசியஸின் மகன் மென்டாருடன் நாடு நாடாகப் பயணம் போகிறான். போகுமிடமெல்லாம் நல்ல அரசு எது, கெட்ட அரசு எது என்று மென்டார் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஆடம்பரத்தையும் போர்வெறியையும் அவர் கண்டித்ததெல்லாம் லூயியைத்தான் என்று வாசித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரசர் சினந்தார். புத்தகம் ஐரோப்பா முழுதும் பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதிகமாக வாசிக்கப்பட்ட நூல்களில் அது ஒன்று. அந்த வாசிப்பில்தான் ‘மென்டார்’ என்ற சொல்லுக்கு வழிகாட்டி என்ற பொருள் ஏறியது. இன்று மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு ‘மென்டார்’ ஒதுக்குகிறார்களே, அந்த வழக்கின் பாட்டனார் ஹோமர் என்றால் தந்தை ஃபெனலான்.

பெயரின் வேரைத் தோண்டினால் நமக்குத் தெரிந்த முகங்கள் தென்படுகின்றன. இந்தோ ஐரோப்பிய மொழிகளில் எண்ணுதலைக் குறிக்கும் ‘மென்’ என்ற மூலத்திலிருந்து வந்தது மென்டார். வடமொழியில் அதே மூலம் ‘மன்’ என்று நிற்கிறது. மனம், மந்திரம், மந்திரி எல்லாம் அங்கிருந்து தமிழுக்கு வந்தவை. அரசனுக்கு எண்ணிச் சொல்பவர் மந்திரி. அரசகுமாரனுக்கு எண்ணிச் சொன்னவர் மென்டார். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இலத்தீன் பக்கத்தில் இந்த மூலத்திலிருந்து பிறந்த சொல் ‘மானிட்டர்’: நினைவூட்டுபவர், எச்சரிப்பவர். நம் பள்ளிகளில் வகுப்புத் தலைவனை மானிட்டர் என்று கூப்பிடுகிறோம். மூத்த மாணவனை வைத்து இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை 1790களில் சென்னை எழும்பூரின் அநாதை இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் வகுத்து நடத்தினார். அவர் 1797இல் அதைப் பற்றி இலண்டனில் அறிக்கை வெளியிட்டபின் அது ‘மதராஸ் முறை’ என்றே இங்கிலாந்தில் பேர் பெற்றது. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை காலம் காலமாகச் செய்துவந்த வேலை அது.

மென்டாரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தப் பிள்ளையின் பெயரை நான் இதுவரை சொல்லவில்லை. அவன் பெயர் டெலிமாக்கஸ். கிரேக்கத்தில் ‘டெலி’ தொலைவு, ‘மாக்கே’ போர். தொலைவில் போரிடுபவன். மகன் எங்கும் போய்ப் போரிடவில்லை. தொலைவில் போரிட்டவன் தந்தை. தந்தையின் நிலையைப் பிள்ளைக்குப் பெயராக வைக்கும் வழக்கம் ஹோமரின் உலகத்தில் உண்டு. தொலைவிலும் போய், தொலைந்தும் போன தந்தை அவனுக்கு. தமிழின் ‘தொலை’ அவன் நிலையைக் கிரேக்கத்தைவிட முழுமையாகச் சொல்லிவிடுகிறது.

ஆக, டெலிமென்டார் என்ற பெயரில் குருவும் சீடனும் சேர்ந்தே நிற்கிறார்கள். டெலிமாக்கஸின் முற்பாதி; அதன் பக்கத்தில் முழு மென்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்த கருவிக்கு இதைவிட உரிய பெயர் கிடையாது என்பது என் முடிவு. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. டெலஸ்கோப் என்ற பெயரை உண்டாக்கிய டெமிசியானி அயோனியத் தீவுக்காரர் என்றேனே, மென்டாரும் டெலிமாக்கஸும் வாழ்ந்த இதாக்காவும் அதே தீவுக்கூட்டத்தில் ஒன்று. பெயரின் இரண்டு பாதிகளும் ஒரே கடலிலிருந்து கரையேறியவை.

ஸைஸ் ஆலைக்காரர்களுக்குப் பெயர் வைப்பதில் பழைய கைவண்ணம் உண்டு. கார்ல் ஸைஸ் யேனாவில் 1846இல் சிறு பட்டறையாகத் தொடங்கியது. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே சேர்ந்ததும் அது அறிவியல் நிறுவனமானது. 1884இல் ஓட்டோ ஷாட் அதே ஊரில் கண்ணாடி ஆலை வைத்தார். அவர்கள் புகைப்பட வில்லைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். 1896இல் வந்தது ‘பிளானார்’: படம் ஓரம் வரை சமதளமாக விழும் என்பதால் அந்தப் பெயர். 1902இல் வந்தது ‘டெஸார்’: கிரேக்கத்தில் நான்கு, அதில் நான்கு வில்லைகள். கருவி என்ன செய்யும் என்பதைக் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ சுருக்கிப் பெயராக்கும் பழக்கம் அது. டெலிமென்டாரும் அந்த மரபில் வந்ததே. கருவியின் வேலை தொலைவைக் கற்பிப்பது.

கற்பிப்பது என்ற சொல்லை அளந்துதான் சொல்கிறேன். கிழக்கு ஜெர்மனியில் 1959ஆம் ஆண்டிலிருந்து பத்தாம் வகுப்பில் வானியல் கட்டாயப் பாடம். எல்லா மாணவர்களும் படித்தாக வேண்டும். பாடம் இருந்தால் கருவி வேண்டும்; கருவி வந்தால் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கைகளைத் தாங்க வேண்டும். டெலிமென்டாரின் உறுதியும் எளிமையும் அந்தத் தேவையிலிருந்து வந்தவை. அந்த நாட்டு அரசியலைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்துகள் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சனியின் வளையத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு கல்வித் துறை நினைத்ததை மட்டும் மறுப்பில்லாமல் பாராட்டுவேன்.

அந்த நாட்டில் செய்த கருவிக்குச் சொந்த ஆலையின் பெயரே எல்லா இடத்திலும் உதவவில்லை. 1945இல் போர் முடிந்தபோது யேனாவுக்குள் முதலில் வந்தது அமெரிக்கப் படை. ஒப்பந்தப்படி அந்தப் பகுதியைச் சோவியத் படையிடம் ஒப்படைக்குமுன், ஆலையின் முக்கியமான நிபுணர்களை அமெரிக்கர்கள் மேற்கே கூட்டிப் போய்விட்டார்கள். அவர்கள் ஓபர்கோகன் என்ற ஊரில் இன்னொரு ஸைஸைத் தொடங்கினார்கள். ஒரே பெயருக்கு இரண்டு ஆலைகள். பல ஆண்டுகள் பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு நடந்து, 1971இல் இலண்டனில் ஓர் உடன்பாடு வந்தது. அதன்படி மேற்கு ஜெர்மனி போன்ற சந்தைகளில் யேனா ஆலை ‘கார்ல் ஸைஸ்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. அங்கே போன சரக்குகளில் ‘அவுஸ் யேனா’, அதாவது ‘யேனாவிலிருந்து’ என்று பொறித்து அனுப்பினார்கள். ஆளின் பெயரை இழந்த கருவி ஊரின் பெயரைச் சூடிக்கொண்டது. நண்பரின் கருவியில் உள்ள பொறிப்பில் இந்த இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன.

இப்போது கருவிக்கு வருகிறேன்.

பழைய தொலைநோக்கியை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, முன்வில்லையில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்ப்பது. நம் ஊர் ஈரக்காற்றில் வில்லையில் பூஞ்சை கிளைவிடும். சிலந்தி நூல் போன்ற கோடுகள் தெரிந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். நண்பர் வில்லையைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைத்திருக்கிறார்; கண்ணாடி சுத்தம். அடுத்தது தாங்கி. யேனா 51 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சென்னை 13 பாகையில். துருவ விண்மீனை நோக்கி நிற்க வேண்டிய அச்சு அங்கே நன்றாக நிமிர்ந்து நிற்கும். இங்கே அதை ஏறக்குறையப் படுக்க வைக்க வேண்டும். அப்போது எதிர் எடைக்கட்டி மரக்காலில் இடிக்காதபடி கால்களைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது. கண்வில்லைகள் 24.5 மில்லிமீட்டர்க் குழலில் பொருந்துபவை. இன்றைய கண்வில்லைகள் 31.7 மில்லிமீட்டர். இடையில் ஓர் இணைப்பு வளையம் இல்லாமல் இரண்டும் சேராது. பழைய கருவி வாங்குபவர் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு விண்மீனை வைத்துச் சோதிப்பது. பிரகாசமான விண்மீன் ஒன்றைப் பிடித்து, உயர்ந்த உருப்பெருக்கத்தில் குவியத்தைக் கூர்மையாக்கினால், நல்ல வில்லையில் அது புள்ளியாகத் தெரியாது. சிறு வட்டும் அதைச் சுற்றி மெல்லிய ஒளிவளையமும் தெரியும். ஒளி அலையாக வளைவதால் வரும் விளைவு இது. 1835இல் ஜார்ஜ் ஏரி இதற்குக் கணக்குப் போட்டார். வில்லை சிறிதாகச் சிறிதாக வட்டு பெரிதாகும். அதனால் பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் அந்த வட்டையும் வளையத்தையும் பெரிய தொலைநோக்கியைவிட 63 மில்லிமீட்டர் வில்லை எளிதாகக் காட்டிவிடும். குவியத்தை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பார்த்தபோது விரிந்த வளையங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. வில்லை ஒழுங்காக அரைக்கப்பட்டதற்கு அதுவே சாட்சி. நிறப்பிழையும் அநேகமாக இல்லை. சிரியஸின் ஓரத்தில் ஊதா சாயல் கொஞ்சம் கசிந்தது. இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து நிறத்தைக் கட்டுப்படுத்தும் இந்த உத்திக்கு 1758இல் காப்புரிமை வாங்கியவர் இலண்டன் நெசவாளர் குடும்பத்து ஜான் டாலண்ட். விட்டத்தைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல் நீளும் குவியத் தொலைவு மிச்சப் பிழையையும் அடக்கிவிடுகிறது.

சித்திரை மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாக ஏறி நிற்கும். அதன் வாலில் நடுவில் இருப்பவர் வசிட்டர். பக்கத்தில் ஒட்டி மங்கலாக இருப்பது அருந்ததி. கல்யாணத்தில் மணமக்களை வெளியே கூட்டி வந்து காட்டுகிறோமே, அந்த அருந்ததி. கருவியை அங்கே திருப்பினேன். 25 மில்லிமீட்டர்க் கண்வில்லையில் 34 மடங்கு பெருகி, வசிட்டரும் அருந்ததியும் ஒரே வட்டத்துக்குள் நல்ல இடைவெளி விட்டு நின்றார்கள். மங்கலான அருந்ததி இப்போது பளிச்சென்று இருந்தது. பார்வையை வசிட்டர் மேல் நிறுத்தினேன். அவர் ஒருவரில்லை. வெண்மையான பெரியதும் அதை ஒட்டிச் சற்று மங்கிய இன்னொன்றுமாக இரண்டு. நடுவில் மயிரிழை போன்ற இருட்டு. 10 மில்லிமீட்டர்க் கண்வில்லைக்கு மாற்றியதும் இருட்டு அகன்றது. இரண்டு விண்மீன்களைச் சுற்றியும் தனித்தனி வளையம் தெரிந்தது. தொலைநோக்கியால் கண்ட முதல் இரட்டை விண்மீன் இதுவே. 1617இல் கலிலியோவின் மாணவர் பெனெதெத்தோ காஸ்டெல்லி இதைக் குறித்து ஆசிரியருக்கு எழுதினார். இரண்டில் பெரியதும் ஒற்றை இல்லை என்று 1889இல் ஹார்வர்டில் நிறமாலை வழியாகத் தெரிந்தது. அதைப் பிரித்துக் காட்ட எந்தச் சிறு வில்லையாலும் ஆகாது.

பக்கத்தில் நின்ற நண்பரின் மகள் குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, வசிஷ்டர் ரெண்டா இருக்காரு, அருந்ததி எங்க?” என்று கேட்டாள். “கண்வில்லையை மாத்தினதுல ஓரத்துக்குப் போயிருச்சும்மா. குழாயை மெதுவாத் தள்ளு” என்றேன். படம் தலைகீழாகத் தெரியும் என்பதால் அவள் தள்ளத் தள்ள விண்மீன் எதிர்ப்பக்கம் ஓடியது. இரு குவிவில்லைகளை வைத்து இந்த அமைப்பை 1611இல் கெப்ளர் வகுத்த நாளிலிருந்தே தலைகீழ் படம் இதன் இயல்பு. கொஞ்ச நேரத்தில் அவளே திசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹோமரும் இந்த வானத்தை அறிந்தவர். ஒடிசியஸ் தெப்பத்தில் தனியாகப் புறப்படும்போது தூங்காமல் பார்த்துக்கொண்டு வந்தவை எவை என்று ஐந்தாம் காண்டம் சொல்கிறது: கார்த்திகைக் கூட்டம், நம் சுவாதி இருக்கும் பூட்டஸ், கரடி என்ற நம் சப்தரிஷி, வேட்டைக்காரன் ஒரையன். கரடியை இடக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு போ என்று, அவன் விட்டுப் புறப்பட்ட தீவின் தேவதை கலிப்சோ அவனுக்குச் சொல்லியிருந்தாள். டெலிமென்டார் வைத்திருப்பவருக்கு முதல் பருவத்தில் பார்க்க வேண்டியவற்றின் பட்டியலாக இதையே கொடுத்துவிடலாம். கார்த்திகை இந்த வில்லைக்கு மிக அழகாகப் பொருந்தும். ஒரையனின் வாளில் இருக்கும் நெபுலாவும் தெரியும்.

இந்தப் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது ஈழத்து வழக்கு நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘தொலைநோக்கி’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘தொலைகாட்டி’ என்கிறது. நுண்ணோக்கிக்கும் அங்கே ‘நுணுக்குக்காட்டி’ என்று பெயர். இரண்டும் நல்ல தமிழ். ஆனால் இரண்டும் கருவிக்கு வெவ்வேறு வேலையைக் கொடுக்கின்றன. நோக்கி என்றால் கருவியே பார்க்கிறது. காட்டி என்றால் பார்ப்பது நாம். கருவி பக்கத்தில் நின்று கை நீட்டிக் காட்டுகிறது. மென்டாருக்குத் தமிழில் உள்ள இயல்பான சொல் வழிகாட்டி. அதே ‘காட்டி’. டெமிசியானியின் டெலஸ்கோப்புக்கு நேரான தமிழ் தொலைநோக்கி என்றால், யேனாவின் டெலிமென்டாருக்கு நேரான தமிழ் தொலைகாட்டி. பள்ளிக்கூடத்துக் கருவிக்கு ஈழத்துச் சொல்லே பொருத்தம் என்று தயங்காமல் சொல்வேன்.

பழைய கருவி உங்கள் கைக்கு வந்தால் ஒன்று செய்யுங்கள். குழாய்க்குப் புதுப் பெயின்ட் அடிக்கும்போதும் துரு தேய்க்கும்போதும் பெயர்ப் பொறிப்பின் மேல் கை வைக்காதீர்கள். எழுத்துகள் மங்கியிருந்தால் மெல்லிய துணியால் துடைத்து, உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதிக் கருவிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். எந்த ஊரில், எந்த ஆலையில், யாருக்காகச் செய்தது என்பதை அடுத்து வாங்குபவருக்குச் சொல்ல அந்தச் சில எழுத்துகளைத் தவிர வேறு சாட்சி இருக்காது.